பூதத்திற்குப் பேர் இல்லை: ஒரு சித்திரப்படத்தின் முன்கதை

பிராங்கன்ஸ்டைன் என்ற பெயரைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுவது எது? தட்டையான தலை, நெற்றியில் தையல் வடு, கழுத்தின் இரு பக்கமும் இரும்பு முளைகள், தள்ளாடித் தள்ளாடி வரும் நடை. இப்படி ஒரு பூதத்தின் உருவம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயரன்று. அதைப் படைத்த இளைஞனின் பெயர். பூதத்திற்குப் பெயரே கிடையாது. பெயர் வைக்க வேண்டியவன், அது கண் விழித்த அந்த இரவிலேயே அதைக் கைவிட்டு ஓடிவிட்டான்.

இந்தக் கதை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நாவலாகவும் நாடகமாகவும் திரைப்படமாகவும் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டு வருகிறது. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று, ஜப்பானில் 1981-ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று டி.வி. ஆசாகி என்னும் தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்பிய சித்திரப்படம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும் அப்படத்தைத் தயாரித்தது டோயி நிறுவனம். இயக்கியவர் யூகோ செரிகாவா. அசையாத ஓவியங்களை அசைய வைக்கும் கலை, உயிரற்ற உடலுக்கு உயிர் கொடுக்க முயன்றவனின் கதையைக் கையில் எடுத்தது பொருத்தமான செயல்தான். எனினும் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஒரு கதை, அமெரிக்கப் படக்கதைப் புத்தகம் ஒன்றின் வழியாக, டோக்கியோவின் வரைமேசைக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது? வழியில் அது எதை இழந்தது, எதைத் திரும்பப் பெற்றது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கோடை வராத ஆண்டு

1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் உள்ள தம்போரா எரிமலை வெடித்தது. வரலாற்றில் பதிவான எரிமலை வெடிப்புகளுள் மிகப் பெரியது இதுவே எனலாம். அதிலிருந்து எழுந்த கந்தக வாயுக்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கை அடைந்து நுண்துளிகளாக மாறி, கதிரவன் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பின. விளைவு அடுத்த ஆண்டில் தெரிந்தது. 1816-இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வரவில்லை. குளிரும் மழையும் பயிர்களை அழித்தன. பல இடங்களில் பஞ்சம் தலைகாட்டியது.

அந்த ஜூன் மாதத்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள தியோதாத்தி மாளிகையில் கவிஞர் பைரன் தங்கியிருந்தார். அருகில் ஒரு வீட்டில் கவிஞர் ஷெல்லியும், அவருடன் மேரி காட்வின் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணும் இருந்தனர். இந்த மேரியே பின்னர் ஷெல்லியை மணந்து மேரி ஷெல்லி ஆனார். வெளியே போக முடியாமல் அடைத்துப் பெய்த மழையில் நண்பர்கள் கூடிப் பேய்க்கதைகள் படித்தார்கள். ஆளுக்கு ஒரு பேய்க்கதை எழுதுவோம் என்று பைரன் சொன்னார். பைரனின் மருத்துவரான பாலிடோரி, அந்தக் கூட்டத்தில் பிறந்த கருவைக் கொண்டு 'வாம்பயர்' என்னும் இரத்தக் காட்டேரிக் கதையை எழுதினார். அது 1819-இல் வெளிவந்தது. பிற்காலத்து டிராகுலாவுக்கு அது முன்னோடி. மேரி எழுதத் தொடங்கியது பிராங்கன்ஸ்டைன் கதை. ஒரே மழைக்காலத்தில், ஒரே நண்பர் குழுவில், உலகின் புகழ்பெற்ற பூதங்கள் இரண்டுக்கும் விதை விழுந்தது.

மேரியின் வாழ்க்கையில் பிறப்பும் இறப்பும் அடுத்தடுத்தே வந்தன. அவர் பிறந்த சில நாட்களில் தாய் இறந்தார். 1815-இல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை இரண்டு வாரம்கூட வாழவில்லை. இறந்த குழந்தையைத் தீயருகே வைத்துத் தேய்த்ததும் அது உயிர் பெற்றதாகக் கனவு கண்டேன் என்று அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பூதக் கதை என்று நாம் பயந்து படிக்கும் நூலின் அடியில் ஒரு தாயின் ஏக்கம் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

தவளைக் காலும் தூக்கு மேடையும்

உயிரற்ற உடல் அசையும் என்ற எண்ணம் அக்காலத்தில் வெறும் கற்பனையாக இருக்கவில்லை. இத்தாலியின் பொலோனியா நகரில் லூயிஜி கால்வானி என்னும் உடற்கூற்றறிஞர், அறுத்து வைத்த தவளைக் கால்கள் மின்பொறியால் துடிப்பதைக் கண்டார். விலங்குகளின் உடலிலேயே ஒரு வகை மின்சாரம் இருக்கிறது என்று 1791-இல் எழுதினார். அலெசாண்ட்ரோ வோல்ட்டா இதை மறுத்தார். மின்சாரம் தவளையிலிருந்து வரவில்லை, தொட்ட இரு வேறு உலோகங்களிலிருந்து வருகிறது என்பது அவர் வாதம். அதை மெய்ப்பிக்கும் முயற்சியின் பயனே 1800-இல் அவர் அறிவித்த மின்கல அடுக்கு. இன்று பார்த்தால் இருவர் பக்கமும் உண்மை உண்டு. அந்தச் சோதனைகளில் உலோகங்கள் மின்சாரம் தந்ததும் உண்மை. நரம்பின் செய்திகள் மின் துடிப்புகளாகவே செல்கின்றன என்பதும் உண்மை.

கால்வானியின் மருமகன் ஜியோவான்னி ஆல்தினி ஒரு படி மேலே போனார். 1803 ஜனவரியில் லண்டன் நியூகேட் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் பார்ஸ்டர் என்பவரின் உடலில், மருத்துவர்கள் முன்னிலையில் அவர் மின்சாரம் பாய்ச்சினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, கை உயர்ந்து விரல்கள் மூடின. பார்த்தவர்களில் சிலர் இறந்தவன் எழுந்துவிடுவான் என்றே எண்ணினராம். அப்போது மேரிக்கு ஐந்து வயது. கால்வானியின் ஆராய்ச்சி பற்றி 1816-இல் நண்பர்கள் பேசிக்கொண்டதை, தம் நாவலின் 1831-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார்.

நாவலில் உள்ள பூதம்

நாவல் 1818 ஜனவரியில், ஆசிரியர் பெயர் இல்லாமல், 500 படிகள் மட்டும் அச்சிடப்பட்டு வெளிவந்தது. விக்டர் பிராங்கன்ஸ்டைன் ஜெனீவாவைச் சேர்ந்தவன். ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரில் படிக்கும் மாணவன். பிணவறைகளிலிருந்து திரட்டிய உறுப்புகளைக் கொண்டு எட்டடி உயர மனிதனை உருவாக்குகிறான். எவ்வாறு உயிர் வந்தது என்பதை நாவல் விளக்குவதே இல்லை. இடி இல்லை; மின்னல் தாக்கும் கோபுரம் இல்லை; கூன் முதுகு உதவியாளன் இல்லை. இவையெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

நாவலின் பூதம் பேசும். அதுவும் அழகாகப் பேசும். காட்டோரம் ஒரு குடிசையில் வாழும் ஏழைக் குடும்பத்தை மறைந்திருந்து கவனித்தே அது மொழி கற்றுக்கொள்கிறது. மில்டனையும் புளூட்டார்க்கையும் படிக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் டி லேசி கண் தெரியாதவர். பூதத்தின் உருவத்தைக் காணாமல் குரலை மட்டும் கேட்டு அன்பாகப் பேசுபவர் அவர் ஒருவரே. கண்ணுள்ள மற்றவர்கள் வந்ததும் அடித்து விரட்டுகிறார்கள். அதன் பிறகுதான் அது கொலை செய்கிறது. தன்னைப் படைத்தவனைத் தேடி வந்து அது கேட்பதெல்லாம் ஒன்றுதான்: என்னை ஏன் உண்டாக்கினாய், உண்டாக்கிய பின் ஏன் கைவிட்டாய்?

நம் பஞ்சதந்திரத்தில் இதற்கு நெருங்கிய கதை ஒன்று உண்டு. கல்வி கற்ற மூவர் காட்டில் கிடந்த எலும்புகளைச் சேர்த்து, தசையும் தோலும் கொடுத்து, உயிரும் ஊட்டுகிறார்கள். எழுந்தது சிங்கம், மூவரையும் கொன்றது. கல்லாத நான்காமவன் முன்னெச்சரிக்கையாக மரத்தில் ஏறித் தப்பினான். அக்கதையில் தவறு உயிர் கொடுத்ததில் இருக்கிறது. சிங்கம் சிங்கமாகத்தான் நடந்துகொண்டது. மேரி ஷெல்லியின் கதையில் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. பூதம் பிறக்கும்போது கொடியதன்று. உயிர் கொடுத்தவன் பொறுப்பைத் தட்டிக் கழித்ததால் அது கொடியதாயிற்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். பிற்காலத்தில் கதையைத் தழுவியவர்கள் பலரும் மேரியின் கதையை விட்டுவிட்டுச் சிங்கத்தின் கதையையே சொன்னார்கள்.

பேச்சிழந்த பூதம்

முதல் இழப்பு மேடையில் நேர்ந்தது. 1823 ஜூலையில் லண்டனில் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் எழுதிய நாடகம் அரங்கேறியது. பூதமாக நடித்தவர் டி. பி. குக். விளம்பரத்தாளில் பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தன. நாடகத்தைப் பார்க்கச் சென்ற மேரி ஷெல்லிக்கு இந்தப் பெயரில்லாப் பெயர் பிடித்துப்போயிற்று. ஆனால் மேடைப் பூதம் ஊமை. நாவலில் பக்கம் பக்கமாகத் தன் துயரத்தைச் சொன்ன வாய் மூடப்பட்டது. உதவியாள் ஒருவன் கதைக்குள் நுழைந்ததும் இந்நாடகத்தில்தான்.

அடுத்து வந்தது திரை. 1910-இல் எடிசன் நிறுவனம் ஒரு சுருள் நீளமுள்ள மௌனப் படம் எடுத்தது. அதில் பூதம் பிறக்கும் காட்சி குறிப்பிடத்தக்கது. ஒரு பொம்மை உருவத்தைத் தீயிட்டு, அது எரிந்து சிதைவதைப் படம் பிடித்து, பின்பு படச்சுருளைத் தலைகீழாக ஓட்டினார்கள். சாம்பலிலிருந்து தசை திரண்டு உடல் எழுவது போன்ற தோற்றம் கிடைத்தது. உயிரற்ற பொருளுக்குத் திரையில் உயிர் கொடுக்கும் தந்திரம் அன்றே இக்கதையோடு சேர்ந்துவிட்டது. பல காலம் அழிந்துபோனதாகக் கருதப்பட்ட இப்படத்தின் படி ஒன்று 1970-களில் தெரிய வந்தது.

1931-இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் வேல் இயக்கிய படம்தான் இன்று நாம் அறிந்த உருவத்தை நிலைநாட்டியது. நடித்தவர் போரிஸ் கார்லாப். ஒப்பனை செய்தவர் ஜாக் பியர்ஸ். கழுத்தில் உள்ளவை மின் இணைப்பு முனைகள் என்பது அவர் கற்பனை. மின்பொறிகள் பறக்கும் ஆய்வுக்கூடக் கருவிகளை அமைத்தவர் கென்னத் ஸ்டிரிக்பேடன். இப்படத்திலும் பூதம் பேசாது. படத்தின் தொடக்கத்தில் நடிகர் பட்டியலில் பூதத்துக்கு எதிரே கேள்விக்குறிதான் இருந்தது. ஆனாலும் ஒரு காட்சியில் கார்லாப் பூதத்தின் குழந்தை மனத்தைக் காட்டிவிட்டார். ஏரிக்கரையில் மரியா என்ற சிறுமி அதற்குப் பூக்களைக் கொடுத்து, அவை நீரில் மிதப்பதைக் காட்டுகிறாள். பூக்கள் தீர்ந்ததும், சிறுமியும் மிதப்பாள் என்று எண்ணிப் பூதம் அவளையே தூக்கி நீரில் போடுகிறது. இக்காட்சியின் இறுதிப் பகுதி பல ஆண்டுகள் வெட்டப்பட்டே காட்டப்பட்டது. வெட்டியதால் விளைந்தது என்ன? அறியாமையால் நேர்ந்த விபத்து, பார்ப்பவர் மனத்தில் வேண்டுமென்றே செய்த கொடுமையாயிற்று.

சிரிப்புக்கு இடமான பூதம்

ஒரு உருவம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் அதைக் கேலி செய்வது எளிது. 1933-இலேயே வால்ட் டிஸ்னியின் மிக்கி மவுஸ் படம் ஒன்றில் கார்லாப் பூதம் கேலிச் சித்திரமாகத் தோன்றியது. அதே ஆண்டில் வந்த டிஸ்னியின் மற்றொரு படத்தில், மிக்கியின் நாயைப் பிடித்துச் சென்று அதன் தலையைக் கோழியுடன் ஒட்டத் துடிக்கும் பைத்தியக்கார மருத்துவர் ஒருவர் வருகிறார். 1966-இல் ஹன்னா-பார்பரா நிறுவனம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் தந்த 'பிராங்கன்ஸ்டைன் ஜூனியர்' தொடரிலோ, அவன் நல்லவர்களுக்கு உதவும் இயந்திர மனிதன்!

ஜப்பானியக் குழந்தைகளும் பூதத்தைச் சிரிப்போடுதான் அறிந்திருந்தார்கள். 'கைபுட்சு-குன்' என்னும் வேடிக்கைத் தொடரில் பூத உலகத்து இளவரசனுக்கு டிராகுலா, ஓநாய் மனிதன், பிராங்கன் ஆகிய மூவரும் ஏவலாட்கள். இத்தொடர் முதலில் 1968-இலும், மீண்டும் 1980 முதல் 1982 வரையிலும் சித்திரப்படமாக ஒளிபரப்பாயிற்று. இரண்டாம் முறை அதை ஒளிபரப்பியதும் டி.வி. ஆசாகியே. அதாவது, சிரிக்க வைக்கும் பிராங்கனைக் காட்டிக்கொண்டிருந்த அதே நிறுவனம்தான் 1981-இல் அழ வைக்கும் பூதத்தையும் காட்டியது.

படக்கதைப் புத்தகத்தின் பங்கு

அந்த மாற்றத்திற்கு வழி அமைத்தது அமெரிக்கா. 1950-களின் தொடக்கத்தில் அங்குத் திகில் படக்கதைகள் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்று பெரும் கூச்சல் எழுந்தது. 1954-இல் பதிப்பாளர்கள் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டார்கள். இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், நடைப்பிணம் ஆகியவை படக்கதைகளில் தலைகாட்டக் கூடாது என்றாயிற்று. 1971-இல் விதிகள் தளர்ந்தன. டிராகுலா, பிராங்கன்ஸ்டைன் போன்ற உயர்ந்த இலக்கியங்களின் மரபில் எழுதப்பட்டால் இரத்தக் காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் இடமுண்டு என்று விதி மாறியது. பழைய நாவல்கள் பூதங்களுக்கு நற்சான்று வழங்கின எனலாம்.

மார்வெல் நிறுவனம் இந்த வாய்ப்பை உடனே பயன்படுத்திக்கொண்டது. 1972-இல் டிராகுலாவைப் பற்றிய தொடரும், 1973-இல் பிராங்கன்ஸ்டைன் பூதத்தைப் பற்றிய தொடரும் தொடங்கின. பின்னதை எழுதியவர் கேரி பிரெட்ரிக். வரைந்தவர் மைக் புளூக். அதன் முதல் இதழ்கள் மேரி ஷெல்லியின் நாவலையே ஒட்டிச் சென்றன. தட்டைத் தலையும் கழுத்து முளைகளும் யுனிவர்சல் படத்துக்கு உரியவை ஆதலால், நீண்ட கருங்கூந்தலுடன் நாவலின் வருணனைக்கு நெருங்கிய உருவத்தைப் புளூக் வரைந்தார்.

ஜப்பான் வந்த பூதம்

ஜப்பானுக்கு இக்கதை புதிதன்று. 1965-இல் டோஹோ நிறுவனத்துக்காக இஷிரோ ஹோண்டா எடுத்த திரைப்படத்தில், பூதத்தின் அழியாத இதயம் இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மனியிலிருந்து ஹிரோஷிமாவுக்குக் கொண்டுவரப்படுகிறது. பின் அணுகுண்டு விழுகிறது. இடிபாடுகளிலிருந்து ஒரு சிறுவன் தோன்றி இராட்சத உருவமாக வளர்கிறான். அறிவியல் படைத்த ஒன்று படைத்தவர் கையை மீறிப் போவது என்ன என்பதை ஜப்பானியர்கள் நூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. ஜப்பானியத் தொலைக்காட்சிச் சித்திரத் தொடர்களுக்கு வழிகாட்டியாக நின்றது, 1963 ஜனவரி 1 அன்று தொடங்கிய ஒசாமு தெசுகாவின் 'அணுச் சிறுவன்' தொடர். அதன் கதை என்ன? மகனை விபத்தில் இழந்த அறிவியலறிஞர் ஒருவர் மகனைப் போலவே ஒரு இயந்திரச் சிறுவனை உருவாக்குகிறார். அது மனிதக் குழந்தையைப் போல வளரவில்லை என்று கண்டதும் வெறுத்து, சர்க்கஸ்காரனிடம் விற்றுவிடுகிறார். கைவிடப்பட்ட படைப்பின் கதை இதுவும்தான்.

டோயி சித்திரப்பட நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. 1958-இல் அது வெளியிட்ட வெள்ளைப் பாம்பின் கதை, ஜப்பானின் முதல் வண்ண முழுநீளச் சித்திரப்படம். அந்நிறுவனத்தின் தொடக்ககால இயக்குநர்களுள் ஒருவர் செரிகாவா. எட்டுத் தலை நாகத்தை எதிர்க்கும் இளவரசனின் புராணக் கதையை 1963-இல் அவர் படமாக்கினார். மனித உடலோடு இயந்திரத்தை இணைத்த ஒன்பது பேரின் கதையான 'சைபர்க் 009' படத்தையும் 1966-இல் இயக்கியவர் அவரே. மனிதரால் மாற்றியமைக்கப்பட்ட மனிதர் என்ற கரு அவருக்குப் பழக்கமானதுதான்.

1970-களின் இறுதியில் டோயியும் மார்வெலும் ஒரு உடன்பாடு செய்துகொண்டன. ஒருவர் கதைகளை மற்றவர் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். 1978-இல் ஜப்பானிய 'ஸ்பைடர்மேன்' தொடர் அதன் பயனாக வந்தது. பின்னர் 1980 ஆகஸ்டில் டிராகுலா. 1981 ஜூலையில் பிராங்கன்ஸ்டைன். 1816-இல் ஜெனீவா ஏரிக்கரையில் ஒன்றாக விதை விழுந்த இரு பூதங்களும், 165 ஆண்டுகள் கழித்து, ஒரே நிறுவனத்தின் வரைமேசையில் மீண்டும் சந்தித்தன.

இரண்டு பிள்ளைகள்

1981-ஆம் ஆண்டுப் படம் சிறுவருக்கான வேடிக்கைப் படமன்று. இரத்தமும் கொலையும் நிறைந்தது, முடிவும் துயரமானது. நாவலோடும் படக்கதையோடும் ஒப்பிட்டால் அது பல இடங்களில் தன் வழியே போகிறது. ஆயினும் அது செய்த ஒரு மாற்றம் கதையின் உள்ளத்தையே தொடுகிறது. நாவலில் விக்டர் மணமான இரவிலேயே மனைவியைப் பறிகொடுப்பவன்; அவனுக்குப் பிள்ளை இல்லை. இப்படத்திலோ அவனுக்கு எமிலி என்ற சிறு மகள் இருக்கிறாள். எல்லாரும் அஞ்சி ஓடும் பூதத்தைக் கண்டு அஞ்சாமல் அதனோடு நட்புக் கொள்பவள் இந்தச் சிறுமியே. கண் தெரியாத முதியவர் ஒருவரும் அதனிடம் பரிவு காட்டுகிறார். நாவலின் டி லேசியையும், 1931 படத்தின் மரியாவையும் நினைவூட்டும் பாத்திரங்கள் இவை.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். விக்டர் இப்போது ஒரு தந்தை. வீட்டில் அவன் கொஞ்சி வளர்க்கும் பிள்ளை ஒன்று; ஆய்வுக்கூடத்தில் அவன் படைத்துக் கைவிட்ட பிள்ளை மற்றொன்று. தந்தை ஏற்க மறுத்ததை மகள் ஏற்றுக்கொள்கிறாள். அவள் செய்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. முகத்தைப் பார்த்து ஓடாமல் நிற்கிறாள், அவ்வளவுதான். மேடையிலும் திரையிலும் மறைந்துபோன மேரி ஷெல்லியின் கேள்வி, சிறுமி ஒருத்தியின் வழியாகத் திரும்பி வருகிறது. கூச்சலிட்டுத் துரத்தும் கூட்டத்தின் பக்கம் நில்லாமல், துரத்தப்படும் உருவத்தின் பக்கம் பார்ப்பவனை நிறுத்தியதே இப்படத்தின் சிறப்பு. 1980-களில் இப்படம் ஆங்கிலக் குரல் சேர்க்கப்பட்டு அமெரிக்காவிலும் வெளியாயிற்று.

ஓவியம் அசைவது எப்படி?

ஓவியத்திற்கு உயிர் வருவது எப்படி என்பதையும் சற்றுப் பார்ப்போம். திரைப்படச் சுருளில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒன்றரை மணி நேரப் படத்திற்குக் கணக்கிட்டால் 90 × 60 × 24 = 1,29,600 படங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே வரைவது பெரும் பணி. முழுமையான அசைவு வேண்டும் என்பவர்களும் பெரும்பாலும் ஒரு ஓவியத்தை இரு முறை படம் பிடித்து, நொடிக்கு 12 ஓவியங்களோடு நிறுத்திக்கொள்வர். ஜப்பானியத் தொலைக்காட்சிப் படங்களில் ஒரே ஓவியத்தை மூன்று முறை படம் பிடிப்பது வழக்கமாயிற்று. அப்போது நொடிக்கு 8 ஓவியங்கள் போதும். 1,29,600 என்பது 43,200 ஆகக் குறைகிறது. 'அணுச் சிறுவன்' தொடரைக் குறைந்த செலவில் வாரந்தோறும் தர வேண்டிய நெருக்கடியில் இந்தச் சிக்கன முறை ஜப்பானில் வேரூன்றியது.

சிக்கனம் அத்தோடு நிற்பதில்லை. கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் தாள்களில் உருவங்களை வரைந்து, பின்னணி ஓவியத்தின் மேல் அடுக்கி வைத்தார்கள். உடல் ஒரு தாளில், வாய் ஒரு தாளில் இருந்தால், பேசும்போது வாயை மட்டும் மாற்றினால் போதுமாயிருந்தது. ஒரே பெரிய ஓவியத்தின் மீது காமிராவை மெல்ல நகர்த்தியே ஒரு காட்சியை முடித்துவிடுவதும் உண்டு. திகில் கதைக்கு இந்த முறை கேடு செய்யவில்லை, மாறாக உதவியது. அசையாமல் நின்று உற்றுப் பார்க்கும் முகம், ஓடித் துள்ளும் உருவத்தைவிட அச்சம் தரும்.

நொடிக்கு எட்டு ஓவியங்களைப் பார்க்கும் நாம் ஏன் தொடர்ந்த அசைவைக் காண்கிறோம்? கண்ணில் பிம்பம் சற்று நேரம் தங்குவதால் என்று பழைய பாடநூல்கள் கூறும். அது போதிய விளக்கமன்று. பிம்பங்கள் தங்கி ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் குழப்பமே மிஞ்சும், அசைவு தோன்றாது. அடுத்தடுத்து இரு இடங்களில் தோன்றும் ஒளிப்புள்ளிகளை, ஒரே புள்ளி நகர்வதாக மூளையே இணைத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மன் உளவியலறிஞர் மாக்ஸ் வெர்த்தைமர் 1912-இல் ஆராய்ந்து எழுதினார். ஆகவே சித்திரப்படத்தில் உயிர் இருக்கும் இடம் தாளுமன்று, திரையுமன்று, பார்ப்பவரின் மூளை.

மின்சாரம் உயிர் தருமா?

விக்டர் செய்தது நடக்கக்கூடியதா என்று மாணவர்கள் கேட்கலாம். பல உடல்களின் உறுப்புகளை ஒன்றாகத் தைத்தால், அயலான திசுவைக் கண்டறிந்து தாக்கும் நோய் எதிர்ப்பு ஆற்றல் அவற்றை ஒன்றோடொன்று போரிட வைக்கும். குருதி வகைகள் உண்டு என்பதே 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்த பின்புதான் தெரியும். மின்சாரத்தைப் பொறுத்தவரை, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவரலாம். அமெரிக்க மருத்துவர் கிளாட் பெக் 1947-இல் அறுவை மேசையில் ஒரு சிறுவனை இவ்வாறு காப்பாற்றினார். இறந்து பலநாள் ஆன உடலுக்கு மின்சாரம் உயிர் தராது. ஆல்தினி கண்டது தசைகளின் சுருக்கம் மட்டுமே.

ஆனால் கதையின் கேள்விக்கு இந்த விடை போதாது. உயிர் கொடுக்க முடியுமா என்பதைவிட, கொடுத்த பின் என்ன கடமை என்பதையே மேரி ஷெல்லி கேட்டார். அணையும் ஆலையும் மருந்தும் கணிப்பொறியும் படைப்போர் எவருக்கும் அக்கேள்வி உரியது. வேலை முடிந்தது என்று விளக்கை அணைத்துவிட்டுப் போகும் இரவில்தான் பல தீமைகள் பிறக்கின்றன.

பூதத்தைப் பிராங்கன்ஸ்டைன் என்று அழைப்பது பிழை என்று தொடக்கத்தில் சொன்னோம். பிழைதான். ஆனால் பொருளற்ற பிழையன்று. தந்தையின் பெயரைத் தன் பெயருக்கு முன்னே முதலெழுத்தாகத் தாங்குவது நம் வழக்கம். பெற்றவன் கொடுக்க மறுத்த அந்தப் பெயரை, நூலைப் படித்தவர்களும் படிக்காதவர்களுமாகச் சேர்ந்து, அந்தக் கைவிடப்பட்ட பிள்ளைக்கு எப்படியோ கொடுத்துவிட்டார்கள்.